வலிக்காத மேஜை

அத்தைக்குத் தன் இடது கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. காலையில் பல் டாக்டர் போட்ட ஊசியில் உதட்டிலிருந்து காது வரை மரத்துக் கிடந்தது. டென்டல் லேபின் கண்ணாடிக் கதவில் முகத்தைப் பார்த்து, எல்லாம் வைத்த இடத்திலேயே இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் உள்ளே கால் வைத்தாள்.

"நீங்க ரொம்பப் பேசாதீங்க அத்தை," என்றான் மருமகன். "வாய்ல பாதிதான் சபைக்கு வந்திருக்கு. மீதி வெளிநடப்பு பண்ணிடுச்சு."

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை முகர்ந்து பிடித்தே தலை நரைத்தவள் அத்தை. ஓய்வு பெற்ற பிறகு அதே மூக்கை வைத்துக்கொண்டு துப்பறியும் தொழிலில் இறங்கியிருந்தாள். அண்ணன் மகன் கூடவே வந்து சேர்ந்தான். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, வந்தவர்களிடம் வாய் கொடுத்தே கடையை மூடியவன். அவன் அத்தை அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கேஸ் கொடுக்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கேஸ் பல் டாக்டரின் நாற்காலியிலேயே கிடைத்தது. பல்லைக் குடைந்து முடித்த டாக்டர், அதன் மேல் மாட்ட வேண்டிய கேப் வரவில்லை என்றார். கேப் செய்கிற லேபில் கம்ப்யூட்டர் எல்லாம் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டதாம். போன தடவை ஸ்கேன் எடுத்து அனுப்பிய அத்தையின் பல்லும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. போய்ப் பார்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். வாயில் பஞ்சோடு இருந்த அத்தையால் தலையை ஆட்டத்தான் முடிந்தது.

லேப் ஒரே நீள ஹால். எங்கு பார்த்தாலும் பல். அலமாரியில் பல், தட்டில் பல், ஜன்னலோரம் வரிசையாகக் காய்கிற பிளாஸ்டர் தாடைகள். சுவரோரம் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ஒரே சிவப்புத் திரை. உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. வாசலை ஒட்டிய முதல் மேஜையில் மட்டும், ஒரு பெண்ணின் முன்னால் இருந்த பழைய லேப்டாப் ஒன்றில், யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல் நிம்மதியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"அதான் ஆள்," என்றார் முதலாளியின் மச்சான். முதலாளிக்குத்தான் அவர் மச்சான். ஆனால் அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவரை அப்படியே கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. "ஊரே பத்தி எரியுது, ஒரு வீடு மட்டும் குளுகுளுன்னு இருக்கு. அப்ப பத்த வச்சது யாரு?"

"ஊரெல்லாம் ஓலை வீடு, அது ஒண்ணு ஓட்டு வீடா இருந்தா?" என்றான் மருமகன்.

மச்சான் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் சட்டைப் பையில் போலீஸ் புகார் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முதலாளி கையெழுத்தும் போட்டுவிட்டார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மச்சான் அதை ஸ்டேஷனில் கொடுக்கப் போகிறார். புகாரில் இருந்தது முதல் மேஜைக்காரியின் பெயர்.

முதலாளி அத்தையை ஓரமாக அழைத்துப் போனார். குற்றம் சாட்டுகிறவரின் முகமாக அது இல்லை, தூக்கம் கெட்டவரின் முகமாக இருந்தது. "அவ புருஷன்தாம்மா முன்ன அந்த மேஜையில இருந்தான். நெஞ்சு வலின்னு ஒருநாள் போனான், போயே போயிட்டான். அவளுக்கு வேற வழி இல்ல, நான்தான் கூப்பிட்டு அதே மேஜையில உக்கார வச்சேன். லேப்டாப்பும் அவனோடதுதான். வேலையில புலி. அவன் ஒரு மணி நேரம் உருட்டுற வேலைய இவ கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடுவா. 'உன் புருஷனை விட நீ வேகம்மா'ன்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ஆனா எல்லா ஸ்கிரீனும் சிவப்பானப்ப, நாங்க எல்லாம் தலையில கை வச்சிட்டு நிக்கறோம், இவ டீ குடிச்சிட்டு இருந்தா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அத்தை முதல் மேஜைக்குப் போனாள். நாற்காலி உயரமான ஒரு ஆளுக்காக ஏற்றி வைத்தபடியே இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவளின் கால் தரையில் எட்டவில்லை. இறக்கிக்கொள்ள ஒரு நொடி ஆகாது.

"டீ குடிச்சீங்களாமே," என்றாள் அத்தை.

"ஆமா."

"பதட்டமா இல்லியா?"

அவள் யோசித்தாள். "இல்ல மேடம். இப்பல்லாம் எதுவும் வரதில்ல."

"போலீஸ்ல புகார் கொடுக்கப் போறாங்க. தெரியுமா?"

"சொன்னாங்க."

"வேலை போகும். இந்த லேப்டாப்பை எடுத்துட்டுப் போவாங்க."

லேப்டாப் என்றதும் அவள் கை மட்டும் நகர்ந்து அதன் ஓரத்தைத் தொட்டது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கை தொட்டதை அவளே கவனிக்கவில்லை என்று அத்தைக்குத் தோன்றியது. அத்தையும் தன் வீட்டுக்காரர் இறந்த பிறகு வெகுநாள் இப்படித்தான் இருந்தாள். பால் வாங்கினாள், பல்பு மாற்றினாள், கேட்டவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாள். அதனால் இந்த முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது, அது கேஸுக்கு உதவாது.

மருமகன் அதற்குள் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினான். "சார், இதுல இருக்கறது வேற ஆபரேட்டிங் சிஸ்டம். இலவசமா கிடைக்கறது. உங்க மெஷின்ல எல்லாம் இருக்கறது ஊர்ல எல்லாக் கடையிலயும் இருக்கறது. இந்த வைரஸ் அதுக்குன்னே எழுதினது. இங்க வந்தா அதுக்கு மொழியே புரியாது. பேந்தப் பேந்த முழிச்சிட்டு உக்காந்திருக்கும்."

"அது என்ன, வைரஸ் ஆள் பார்த்தா வருது?" என்றார் முதலாளி.

"கூட்டம் பார்த்து வருது சார். ஊர்ல முக்கால்வாசிப் பேர் ஒரே கம்பெனிப் பூட்டு மாட்டியிருந்தா, திருடன் எந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி பண்ணுவான்? இதுக்கும் பண்ணலாம், இதொண்ணும் சாமி கொடுத்த வரம் இல்ல. ஆனா இவ்வளவு மெனக்கெட்டு நாலு வீடு திறந்தா அவனுக்குக் கட்டுப்படியாகாது. அது ஒரு காரணம். இன்னொண்ணு, இந்த சிஸ்டம் கொஞ்சம் கண்டிப்பான மாமியார். வெளியிலிருந்து வந்த எதையும் தானா ஓட விடாது. வீட்டையே மாத்துற வேலைன்னா பாஸ்வேர்டு கேட்டுட்டுத்தான் உள்ள விடும்."

"மத்த மெஷின்ல இருக்கற சிஸ்டம் கேக்காதா?" என்றாள் அத்தை.

"அதுவும் இப்ப எல்லாம் கேக்கும் அத்தை. கேக்க விட்டா."

அத்தை ஹாலில் நடந்தாள். அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றுகிறவர் முழங்கை வரை வெள்ளையாக நின்றார். கையுறையிலும் மாவு. அவர் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு டம்ளரில் பழைய டூத் பிரஷ் ஒன்று தலைகீழாக நின்றது. அதன் மேல் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. வேலை நடக்கிற மேஜையில் தூசி படிந்திருந்தது அது ஒன்றில்தான்.

"இது எதுக்குங்க?" என்றாள் அத்தை. "பல் உங்க கையில இருக்கு, பிரஷ் டம்ளர்ல இருக்கு."

பிளாஸ்டர்காரர் வெட்கத்தோடு சிரித்தார். "அது 'சரி' அமுக்கற பிரஷ்ங்க. முன்ன மெஷின் எதுக்கெடுத்தாலும் கேட்கும், இதை ஓட்டலாமா, அனுமதி உண்டான்னு. கை பூரா மாவு. ஒவ்வொரு தடவையும் கையுறைய கழட்ட முடியுமா? பிரஷ்ஷோட வாலால ஒரு தட்டு தட்டுவேன். அப்புறம் மச்சான் அந்தக் கேள்வியையே நிறுத்திட்டார். பிரஷ்ஷுக்கு வேலை போச்சு."

"எல்லாரையும் மெஷினுக்கு முதலாளியாவும் ஆக்கிட்டீங்களா சார்?" என்று மருமகன் மச்சானைக் கேட்டான். "எல்லார் கையிலயும் முழு அதிகாரம்?"

"பல் டிசைன் பண்ற பழைய சாஃப்ட்வேர் அப்படிப் பண்ணினாத்தான் ஓடும்," என்றார் மச்சான்.

"அப்டேட்?"

"போட்டா மெஷின் மெதுவாயிடும்."

"அப்ப வாசக்கதவு, கொல்லைக்கதவு, பீரோ எல்லாம் திறந்து வச்சு, காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. வைரஸ் வந்து, 'யாருமே இல்லியா'ன்னு கூப்பிட்டுப் பார்த்திருக்கும்."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னலோரத் தாடைகளைப் பார்த்தார். முதல் மேஜைக்காரியின் மெஷினில் அந்த வைரஸ் ஓடவே முடியாது, அது எரியாமல் இருந்தது ஒரு குற்றம் இல்லை. இவ்வளவும் முதலாளியின் மண்டையில் ஏறிவிட்டது. புகாரை வெளியே எடுங்கள் என்று மச்சானிடம் கை நீட்டி, வாங்கி மேஜையில் போட்டார். மருமகன், கேஸ் முடிந்தது என்கிற தோரணையில் சட்டைக் கையைச் சரி செய்துகொண்டான்.

யாரோ டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். மரப்பு போகிற வரைக்கும் எதையும் மெல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மறந்து அத்தை ஒரு பிஸ்கட்டை மென்றாள்.

"அத்தை," என்றான் மருமகன். சிரிப்பு போய்விட்டிருந்தது. "வாயைத் துடைங்க. ரத்தம்."

கைக்குட்டையில் சிவப்பாக ஒட்டியது. கன்னத்தின் உட்பக்கத்தை நன்றாகவே கடித்திருந்தாள். நாக்கால் தடவினால் கிழிந்த இடம் தெரிந்தது, ஆனால் வலி என்று துளியும் இல்லை. அத்தை அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையை உயர்த்தி முதல் மேஜையைப் பார்த்தாள்.

"டேய்," என்றாள். "இந்த மெஷினுக்கு வைரஸ் வலிக்காதுன்னு சொன்னே. சரி. ஆனா வலிக்கலேன்னா உள்ள வரலேன்னு அர்த்தமா?"

மருமகன் சட்டைக் கையை மறுபடி மேலே ஏற்றினான்.

அத்தை முதல் மேஜைக்காரியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க இங்க என்ன வேலை பண்றீங்க? முதல்லேருந்து சொல்லுங்க."

"ஒவ்வொரு பல் டாக்டர்கிட்டருந்தும் பெட்டி வரும் மேடம். அச்சும், ஸ்கேன் இருக்கற பென்டிரைவும் அதுல இருக்கும். எல்லா டிரைவும் முதல்ல என் மேஜைக்குத்தான் வரும். இதுல போட்டு, உள்ள இருக்கறதை காப்பி எடுத்து, எல்லாரும் பார்க்கற பொது ஃபோல்டர்ல போடுவேன். அப்புறம் டிசைன்."

"உள்ள இருக்கறது எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அவர் அப்படித்தான் பண்ணுவார்."

"அவர் அதுக்கு ஒரு மணி நேரம் எடுத்துப்பாராமே."

"ஆமா." முதல் முறையாக அவள் குரலில் ஏதோ அசைந்தது. "அவருக்கு எல்லாமே நிதானம்தான்."

"காப்பி எடுக்கறதுல நிதானம் என்னம்மா இருக்கு? அந்த ஒரு மணி நேரம் அவர் என்ன பண்ணினார்?"

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். தன் பங்குக்குத் துப்பறியாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். லேப்டாப்பை நான் பார்க்கலாமா என்றார். அவள் மறுக்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தாள். மச்சான் கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு அவர் முதுகு நிமிர்ந்தது.

"இங்க வாங்க எல்லாரும். 'சொத்தை'ன்னு ஒரு ஃபோல்டர். என்னென்ன இருக்குன்னு உங்க ஆளே பார்த்துச் சொல்லட்டும்."

மருமகன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே போனான். "வைரஸ்தான் அத்தை," என்றான் மெதுவாக. "எல்லாமே. கூடை கூடையா சேர்த்து வச்சிருக்காங்க."

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் மச்சான். "ஓட்டு வீடா, வெடிமருந்துக் கிடங்கா?"

முதலாளியின் கை மேஜையில் கிடந்த புகாரின் மேல் போய் நின்றது. முதல் மேஜைக்காரி திரையைப் பார்த்தாள். "இந்த ஃபோல்டரை நான் திறந்ததே இல்ல," என்றாள். யாரையும் நம்ப வைக்கும் முயற்சி அதில் இல்லை. குளிர்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"தேதிப்படி அடுக்குடா," என்றாள் அத்தை.

மருமகன் அடுக்கினான். பல வருடத்துச் சரக்கு. ஒவ்வொன்றும் எந்த டாக்டரிடமிருந்து வந்தது என்று தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தேதியோடு எல்லாம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அத்தை அந்தக் கடைசித் தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது என்ன நாள்?"

முதல் மேஜைக்காரி அந்தத் தேதியைத் திரும்ப ஒரு முறை படித்தாள். "அன்னிக்குத்தான் அவர் கடைசியா இந்த நாற்காலியில உக்காந்தது."

மருமகன் எழுந்து போய், இந்த வாரப் பெட்டியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துவந்து லேப்டாப்பில் போட்டான். நாலு ஸ்கேன். கூடவே ஐந்தாவதாக ஒரு வைரஸ் ஃபைல், அச்சு அசலாகப் பல் படம் போட்டுக்கொண்டு. அவன் அதைச் சுட்டிக்காட்டியதும், பின்னால் நின்ற பிளாஸ்டர்காரர் தொண்டையைச் செருமினார்.

"அதை நான்தாங்க திறக்கப் பார்த்தேன். பொது ஃபோல்டர்ல இருந்தது. பல்லுன்னு நினைச்சேன். திறக்கல. முழங்கையால இன்னொரு தடவை அமுக்கினேன்." கொஞ்சம் நிறுத்தி, "மெஷின் ஒண்ணும் கேக்கல," என்றார்.

"வைரஸ் வரது நின்னுபோகல," என்றாள் அத்தை. மரத்த உதட்டில் வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. "அதைப் பொறுக்கி எடுக்கற ஆள்தான் நின்னுபோயிட்டார். இந்த மேஜை வாசல்ல இருக்கறது சும்மா இல்ல. இங்க எது வந்தாலும் ஓடாது. அதனால எல்லாத்தையும் முதல்ல இங்க இறக்கி, கண்ணால பார்த்து, ஆகாததை எடுத்து வச்சிட்டு, நல்லதை மட்டும் உள்ள விட்டிருக்கார். அதுக்குத்தான் ஒரு மணி நேரம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே," என்றார் முதலாளி. சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே நினைவு வந்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தார். "சொன்னான். அந்தக் கேள்விய நிறுத்தாதீங்கன்னு வந்து நின்னான். கேள்வி கேக்கற மெஷின் எனக்கு வேணாம், வேலை செய்யற மெஷின் போதும்னு நான்தான் சொன்னேன். சரின்னு போயிட்டான். அப்புறம் வாயே திறக்கல."

மச்சானுக்கு நிம்மதியில் மூச்சு வந்தது. "அப்ப நான் சொன்னதுதானே? அவ மேஜை வழியாத்தானே வந்திருக்கு?"

"வந்தது அவங்க மேஜை வழியாத்தான்," என்றாள் அத்தை. "நான் பூசி மெழுக மாட்டேன். ஆனா வந்தவனுக்குச் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தது நீங்க ரெண்டு பேரும். இவங்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தரல. வேகம் வேகம்னு பாராட்டு மட்டும் கொடுத்தீங்க."

"அனுப்பினது யாரு?" என்றார் முதலாளி. "அந்த டாக்டரா?"

"அவர் மெஷினுக்கும் காய்ச்சல் சார். அவருக்கே தெரியாது," என்றான் மருமகன். "எழுதினவன் எங்கயோ இருக்கான். நீங்க யாருன்னு அவனுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டான். கல்லைத் தூக்கிக் கூட்டத்துல போட்டான், அவ்வளவுதான். ஒரு நல்லது சொல்லட்டுமா? பொது ஃபோல்டர்தான் பூட்டியிருக்கு. வந்த ஸ்கேன் எல்லாம் இவங்க லேப்டாப்ல பத்திரமா இருக்கு. எங்க அத்தையோட பல் உட்பட."

முதலாளி புகாரை எடுத்து நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டால் மன்னித்துவிட்டதாக ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ. இந்த விஷயத்தில் மன்னிக்கிற இடத்தில் தான் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பார்க்காமலேயே சொன்னார்: "எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்மா. நிதானமாவே பண்ணு."

முதல் மேஜைக்காரி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மருமகன் ஐந்தாவது ஃபைலைக் காட்டினான். "இதை அழிச்சிடலாங்க. இல்ல, அவர் மாதிரி அந்த ஃபோல்டர்ல எடுத்து வச்சீங்கன்னா, எந்த டாக்டர்கிட்டருந்து வந்ததுன்னு சொல்லி எச்சரிக்கலாம். இப்படி இழுத்து, அங்க விட்டாப் போதும்."

அவள் இழுத்தாள். ஃபோல்டரின் மேல் கொண்டுபோய், விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னாச்சு?" என்றான் மருமகன்.

"இதை விட்டா இதுதான் மேல வரும்," என்றாள். "அவர் தேதி கீழ போயிடும்."

மருமகனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அத்தை அவன் தோளைத் தொட்டு நகரச் சொன்னாள்.

"தினமும் லேட்டா வருவார்," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "ஒரு காப்பி எடுக்க ஒரு மணி நேரமா, நான் அவர் இடத்துல இருந்தா நிமிஷத்துல முடிச்சிட்டு வந்திருப்பேன்னு திட்டுவேன். சிரிச்சிட்டே சாப்பிடுவார். இங்க சார் என்னை வேகம்னு சொல்லும்போதெல்லாம், பார்த்தீங்களான்னு மனசுக்குள்ள அவர்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். அது ஒண்ணுதான் எனக்கு நல்லா இருந்தது."

விரலை எடுத்தாள். புதிய ஃபைல் மேலே போய் நின்றது, இன்றைய தேதியோடு. பழைய தேதி ஒரு படி கீழே இறங்கியது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் நின்றபாடாகவும் இல்லை. பிளாஸ்டர்காரர் மாவுக் கையோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். யாரும் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அத்தை விடவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்தாள். நாற்காலி மெதுவாக இறங்கியது. கால் தரையில் பட்டது. அடுத்த பென்டிரைவை எடுத்துப் போட்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

வெளியே வெயிலுக்கு வந்ததும் அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்ன அத்தை?"

"வலிக்குதுடா," என்றாள் அத்தை. "இப்பதான் வலிக்குது."